செவிக்குப் பாடிய துறவி

கவிதையைக் கண்ணாற் படிக்கும் வழக்கம் அச்சுயந்திரத்தோடு பெருகியதொன்றாகும். அதற்கு முன்னர்ப் பாட்டென்பது ஒருவர் வாயினின்று புறப்பட்டு மற்றொருவர் செவியிற் சென்று சேர்வதாகவே பெரும்பாலும் இருந்தது. ஏடு வைத்திருந்தவரும் அதனை வாய்விட்டே படித்தனர். இன்று நாம் புத்தகத்தை விரித்து, உதடு அசையாமல், ஒரு பக்கத்தை ஒரு நிமிடத்திற் படித்து முடித்துவிடுகின்றோம். பொருள் கிடைத்துவிடுகின்றது, பாட்டுத்தான் கிடைப்பதில்லை. இவ்விழப்பைத் தம் காலத்திலேயே உணர்ந்து, செவிக்கென்றே பாடிய ஓர் ஆங்கிலக் கவிஞரைப் பற்றி இன்று உங்களுடன் உரையாட விரும்புகின்றேன். அவர் பெயர் ஜெராட் மன்லி ஹொப்கின்ஸ். கத்தோலிக்கத் துறவி, இயேசு சபைக் குரு. இயற்கையைப் பாடியவர்; இயற்கையினூடே இறைவனைப் பாடியவர். அவர் வாழ்ந்த நாளில் அவருடைய பெரும்பாடல்களைக் கேட்டவர்களைக் கைவிரல்களால் எண்ணிவிடலாம்.

ஹொப்கின்ஸ் 1844ஆம் ஆண்டு யூலை மாதம் 28ஆம் திகதி, இலண்டனை அடுத்த ஸ்திராற்போட் என்னும் ஊரிற் பிறந்தார். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் கிரேக்கமும் இலத்தீனும் கற்றார். அங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த குடும்பத்திற் பிறந்த அவர், மாணவராயிருந்த 1866ஆம் ஆண்டிலே, நியூமன் அடிகளாரால் கத்தோலிக்கத் திருச்சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டார். பெற்றோருக்கு இது பெருந்துயராயிற்று. இரண்டு ஆண்டுகளின் பின், 1868இல், இயேசு சபையிற் சேர்ந்தார். சேருமுன் அவர் செய்த செயல் ஒன்றுண்டு. அதுவரை எழுதிய கவிதைகளைத் தம் கையாலேயே எரித்தார். துறவிக்குக் கவிதை பொருந்தாது என்பது அவர் கருத்து. மேலதிகாரிகள் பணித்தாலன்றி இனி எழுதுவதில்லை என்று உறுதிபூண்டார். ஏழாண்டுக் காலம், சிறு வைபவங்களுக்கென எழுதிய இரண்டொரு பாடல்கள் நீங்கலாக, அவர் பேனா மௌனமாகவே இருந்தது.

அந்த மௌனத்தைக் குலைத்தது ஒரு கப்பற் சேதம். 1875ஆம் ஆண்டு டிசெம்பர் மாத முதல் வாரத்தில், ஜேர்மனியின் பிறேமன் துறைமுகத்திலிருந்து நியூயோர்க் நோக்கிப் புறப்பட்ட ‘டொயிச்லாண்ட்’ என்னும் கப்பல், தேம்ஸ் நதி முகத்துக்கு வெளியே பனிப்புயலில் மணற்றிட்டொன்றில் மோதிச் சிதைந்தது. தம் நாட்டுச் சட்டத்தினால் வெளியேற நேர்ந்த ஐந்து பிரான்சிஸ்கன் கன்னியர் அதில் மாண்டனர். அப்பொழுது ஹொப்கின்ஸ் வட வேல்ஸிலுள்ள புனித பெயுனோ கல்லூரியில் இறையியல் கற்றுக்கொண்டிருந்தார். பத்திரிகைச் செய்தி அவர் நெஞ்சை உலுக்கிற்று. இதைப்பற்றி யாரேனும் ஒரு பாட்டு எழுதினால் நன்றாயிருக்கும் என்று கல்லூரி அதிபர் சொன்ன ஒரு சொல்லே அவருக்கு அனுமதியாயிற்று. நெடுநாளாக அவர் காதுக்குள் ஒரு புதிய சந்தம் ஒலித்துக்கொண்டிருந்தது. அச்சந்தத்திலே முப்பத்தைந்து செய்யுட்கள் கொண்ட நெடும்பாட்டு ஒன்று பிறந்தது. அவருடைய சபையாரின் சஞ்சிகை அதை வெளியிட ஒப்புக்கொண்டு, பின்னர் மறுத்துவிட்டது. பாட்டின் நடை அவர்களுக்கு விளங்கவில்லை.

அந்தப் புதுச்சந்தம் யாது? ஆங்கிலத்திலே ‘ஸ்பிறங் றிதம்’ என்று அவர் அதற்குப் பெயரிட்டார். ‘துள்ளுசந்தம்’ என்று நாம் சொல்லலாம்; கலிப்பாவின் துள்ளலோசையோடு இதனை மயக்கிக்கொள்ளலாகாது. ஆங்கிலச் சொற்களிலே சில அசைகள் அழுத்தமாகவும் சில தளர்வாகவும் ஒலிக்கும். வழக்கமான ஆங்கிலச் செய்யுள், தளர்வு ஒன்று, அழுத்தம் ஒன்று என்று ஒழுங்காக மாறி மாறி நடக்கும். நன்கு பழகிய குதிரையின் நடை போன்றது அது. ஹொப்கின்ஸ் அழுத்தங்களை மட்டுமே எண்ணினார். ஒரு சீரில் ஓர் அழுத்தம் இருக்கவேண்டும். அதனோடு தளர்ந்த அசை ஒன்று வரலாம், இரண்டு வரலாம், மூன்று வரலாம். ஒன்றுமே வராமலும் இருக்கலாம். சிறப்பான இடங்களில் மூன்றுக்கு மேலும் வரலாம். ஆயினும் சீருக்குச் சீர் கால அளவு ஏறத்தாழ ஒன்றே என்று அவர் கொண்டார்.

இது கேட்பதற்குக் கடினம்போலத் தோன்றும். கையிலே தாளம் போட்டுப் பார்த்தால் எளிதாகும். தட்டு ஒரே கதியில் விழுகின்றது. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையில் பாடகர் ஓரெழுத்தை நீட்டியும் பாடுவார். நான்கெழுத்தை நெருக்கியும் பாடுவார். தாளம் பிழைப்பதில்லை. நம் நாட்டிற் கோயில்தோறும் திருப்புகழைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதுமையன்று. சொற்பொருள் முழுவதும் விளங்காத சிறுவனும் அச்சந்தத்தின் பிடியில் அகப்பட்டு நிற்பதை நாம் கண்டிருக்கின்றோம். தொல்காப்பியர் செய்யுளியலிலே இருபது வகை வண்ணங்களை எண்ணிச் சொன்னார். ஓசை வேறுபாட்டைத் தனித்தனிப் பெயரிட்டு வகுத்த மரபிலே வந்த செவிகள் நம்முடையவை. ஆகையால், ஆங்கிலேயர் பலர் திகைத்து நின்ற வாசலில் நாம் அத்துணை திகைக்கவேண்டியதில்லை.

இச்சந்தத்தைத் தாமாகவே படைத்ததாக ஹொப்கின்ஸ் உரிமை பாராட்டவில்லை. குழந்தைகளுக்குச் சொல்லும் பாட்டுக்களிலும், குடியானவர்கள் மழை வெயில் பற்றிச் சொல்லும் பழமொழிகளிலும், மக்களின் அன்றாடப் பேச்சிலும் அது முன்னரே உண்டு என்று அவர் காட்டினார். பேச்சின் இயல்பான உயிர்ப்பைச் செய்யுளுக்குள் மீட்டுக் கொண்டுவருவதே அவர் நோக்கம்.

அவருடைய புதுமைக்கு மற்றொரு வேர் வேல்ஸ் நாட்டிலிருந்தது. பெயுனோ கல்லூரியில் வாழ்ந்த 1874 முதல் 1877 வரையிலான மூன்றாண்டுகளில் அவர் வேல்ஸ் மொழியைப் பயின்றார். அம்மொழியின் பழைய செய்யுளிலே ‘கங்ஹானெத்’ என்றோர் ஓசை ஒழுங்கு உண்டு. ஓரடியின் முற்பாதியில் வந்த மெய்யெழுத்துக்கள் பிற்பாதியில் அதே வரிசையில் மீண்டும் ஒலிப்பது அதன் ஒரு வகை. மணியடித்ததும் எதிர்மலை பதில் சொல்வது போன்றது இது. மோனையும் எதுகையும் இன்றிப் பாட்டில்லை என்று கருதும் நமக்கு இதன் இனிமை உடனே புலனாகும். ஆங்கிலத்திலோ இத்துணைச் செறிவான ஓசைத்தொடை அரிது. ஹொப்கின்ஸ் அதனை ஆங்கிலத்துக்குள் வருவித்தார்.

இவையெல்லாம் வெறும் ஓசை விளையாட்டா என்று நேயர்கள் கேட்கலாம். அன்று. இதன் அடியில் ஒரு சமயக் கொள்கை இருக்கின்றது. உலகில் எந்தப் பொருளும் மற்றொன்றைப் போன்றதன்று. ஒவ்வொன்றுக்கும் தனக்கே உரிய ஓர் உள்வடிவு உண்டு. அந்தத் தனித்தன்மையாலேயே அது தன்னைப் படைத்தவனைப் பறைசாற்றுகின்றது என்று அவர் நம்பினார். அந்த உள்வடிவுக்கு ‘இன்ஸ்கேப்’ என்றும், அதனைத் தாங்கி நின்று நம்மைத் தாக்கும் உள்விசைக்கு ‘இன்ஸ்திறெஸ்’ என்றும் தாமே சொற்களை ஆக்கினார். 1872ஆம் ஆண்டில் அவர் டன்ஸ் ஸ்கோட்டஸ் என்ற இடைக்காலத் தத்துவ ஞானியின் நூலைக் கண்டெடுத்தார். ஒவ்வொரு பொருளையும் ‘இதுவே இது’ என்று ஆக்கும் தனித்தன்மை பற்றி அந்த ஞானி ஆராய்ந்திருந்தார். தம் உள்ளத்தில் இருந்ததற்கு ஓர் ஆசான் துணை கிடைத்ததென ஹொப்கின்ஸ் மகிழ்ந்தார்.

இப்பொழுது ஒன்று தெளிவாகின்றது. ஒவ்வொரு பறவைக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் தனிவடிவு உண்டென்றால், எல்லாவற்றையும் ஒரே தேய்ந்த சொல்லால், ஒரே பழகிய நடையாற் பாடுவது பொய்யாகிவிடும். மேகத்தைப் பாடும்போது பாட்டு மேகம்போல் நகரவேண்டும். கோடரியைப் பாடும்போது பாட்டு வெட்டுண்டு விழவேண்டும். ஆகையாற்றான் அவர் உழவர் பேச்சிலும் தொழிலாளர் வழக்கிலும் சொற்களைத் தேடினார். இரண்டு மூன்று சொற்களை ஒன்றாய்த் தொகுத்துப் புதுத்தொகைகளை ஆக்கினார். அவருடைய சொற்புதுமை இறைவணக்கத்தின் ஒரு பகுதி. படைப்பை உள்ளபடி சொல்வதே படைத்தவனைப் போற்றுவதாகும் என்பது அவர் நெறி.

1877ஆம் ஆண்டு, குருப்பட்டம் பெறுமுன்னர், வேல்ஸ் நாட்டு இளவேனிலிலும் கோடையிலும் அவர் பாடிய பாட்டுக்கள் இந்நெறிக்குச் சான்று. அவற்றுள் ஒன்று பல்வண்ண அழகைப் பாடுவது. முழுவதும் ஒரே நிறமாய் மின்னுவனவற்றை விட்டு, புள்ளியும் வரியும் கலந்த பொருள்களுக்காக அது இறைவனைப் போற்றுகின்றது. பசுவின் நிறம்போலக் கலந்த வானம், மீனின் மேனிப் புள்ளி, சிறுகுருவியின் சிறகு, துண்டு துண்டாய் உழுத வயல், தொழிலாளரின் கருவிகள் எல்லாம் அதில் வருகின்றன. மாறுபாடுகள் அனைத்தும் மாறாத ஒருவனிடத்தினின்று வந்தன என்று பாட்டு முடிகின்றது. ‘சொனற்’ என்னும் பதினான்கடிப் பாவை அவர் இங்கே நாலில் மூன்று பங்காகச் சுருக்கினார். எட்டடி ஆறாயிற்று, ஆறடி நாலரையாயிற்று. அந்த அரையடியில் மிகச்சில அசைகளே உள்ளன. பட்டியல் பட்டியலாய் ஓடிவந்த பாட்டு அங்கே திடீரென்று நின்று பணிகின்றது. கண் அதை அச்சுப்பிழையோ என்று ஐயுறலாம். செவியோ, கும்பிட்ட கையின் அமைதியை அதில் உணர்கின்றது.

மற்றொரு பாட்டு, விடியற்காலையில் காற்றை எதிர்த்து ஓரிடத்தில் நின்று சிறகடிக்கும் சிறு வல்லூறைப் பற்றியது. 1877 மே மாதம் 30ஆம் திகதி எழுதப்பட்டது. கிறிஸ்து பெருமானுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. இதன் முதலடி ஒரு சொல்லின் நடுவில் முறிந்து, மிகுதிப் பாதி இரண்டாமடியின் தொடக்கத்தில் வருகின்றது. கண்ணுக்கு இது ஒரு முறிவு. செவிக்கு முறிவே இல்லை. பறவை காற்றிற் சாய்ந்து வளைவது போலச் சொல் வளைந்து அடுத்த அடிக்குப் போகின்றது. சீர் நோக்கிச் சொல்லைப் பிளக்கும் வகையுளி நமது யாப்பிலும் உண்டன்றோ? முதல் எட்டடிகளும் ஒரே இயைபில் ஒலிக்கின்றன. ஒரே வானில் மீண்டும் மீண்டும் வட்டமிடும் பறவையை அந்த இயைபு நமக்குக் கேட்பிக்கின்றது. இறுதி அடிகளிலோ உழுபடையின் உராய்வால் மினுங்கும் மண்ணும், சாம்பல் பூத்த தணல் விழுந்து பிளந்து பொன்னாய்ச் சிவப்பதும் பேசப்படுகின்றன. உயரப் பறப்பதில் மட்டுமன்று, தேய்வதிலும் உடைவதிலும் ஒளி உண்டு என்பது பாட்டின் பொருள். தம் கவிதையை ஒருமுறை எரித்த துறவியின் வாழ்வுக்கு அது உரையாகவும் அமைகின்றது.

அவருக்கு எதிர்ப்பேச்சும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஒக்ஸ்போட் காலத்திலிருந்து இறுதிவரை அவருக்கு உற்ற தோழராயிருந்தவர் கவிஞர் றொபேட் பிறிட்ஜஸ். அவரே முதல் குறைகூறியவரும் ஆவார். பொருள் விளங்காமை, மிதமிஞ்சிய புதுமை, தொடரில் இருக்கவேண்டிய இணைப்புச் சொற்களை விட்டுவிடுதல் என்று அவர் குறைகளை எடுத்துரைத்தார். கப்பற்பாட்டைப் பணம் கொடுத்தாலும் மறுபடி படிக்கமாட்டேன் என்ற அளவுக்கு அவர் போனார். இக்குறைகளில் உண்மை இல்லாமலில்லை. ஹொப்கின்ஸின் சில அடிகள் பலமுறை கேட்ட பின்னரும் முடிச்சவிழாமலே நிற்கின்றன. இறைவனைப் பாடும் பாட்டு எளியவர்க்கும் எட்டவேண்டாமா என்ற வினா நியாயமான வினாவே.

ஹொப்கின்ஸின் விடை ஒன்றே: கண்ணாற் படியாதீர்கள், காதாற் படியுங்கள். தாமே தம் பாட்டொன்றைக் கண்ணாற் படித்தபோது அது தமக்கே வெறுங்கரடாகத் தோன்றியதென்றும், மூச்செடுத்துச் செவியாற் படித்தவுடன் எல்லாம் சரியாயிற்றென்றும் அவர் நண்பருக்கு எழுதினார். தம் கைப்பிரதிகளில் அழுத்தம் விழும் இடங்களிற் குறியிட்டு வைத்தார். பின்னாளில் எழுதிய நெடிய சொனற் ஒன்றைப் பற்றி, அது ஏறத்தாழப் பாடப்படவேண்டியது, ஓய்வுகளும் நீட்டங்களும் விட்டு உரக்கச் சொல்லவேண்டியது என்று அறிவுறுத்தினார். இணைப்புச் சொல் மறைந்திருப்பதும் செவிக்கு அத்துணைத் தடையன்று. ‘ஊறுகாய்’ என்று சொல்லும்போது, ஊறிய காயா, ஊறுகின்ற காயா, ஊறும் காயா என்று நாம் நின்று கேட்பதில்லை. வினைத்தொகையிற் காலம் மறைந்திருந்தும் பொருள் நம்மிடம் வந்துவிடுகின்றது. ஆயினும் எல்லா முடிச்சும் இவ்வாறு அவிழும் என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை கேட்டவுடன் முற்றும் தீர்ந்துவிடாத பாட்டே பலமுறை கேட்க நம்மை அழைக்கின்றது என்பதே நான் சொல்லக்கூடியது.

செவியால் வாழ்ந்தவர் அவர் என்பதற்கு அவருடைய நாட்குறிப்பிலும் சான்றுண்டு. 1873ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில், தோட்டத்து மூலையில் நின்ற மரமொன்று வெட்டப்பட்டது. ஓசையைத்தான் அவர் முதலிற் கேட்டார். பின்னரே எட்டிப் பார்த்தார். உலகின் உள்வடிவுகள் இவ்வாறு அழிவதைக் காண்பதினும் இறப்பது நன்றென்று தோன்றும் அளவுக்கு வேதனை எழுந்ததாகக் குறித்திருக்கின்றார். ஆறாண்டுகளின் பின், 1879இல், ஒக்ஸ்போட்டுக்கு அண்மையில் பின்சி என்னும் இடத்து ஆற்றங்கரையில் நின்ற மரவரிசை வெட்டுண்டதைக் கண்டு ஓர் இரங்கற்பா பாடினார். அதிலே ஒரே சொல் கோடரி விழுவதுபோல மீண்டும் மீண்டும் விழுகின்றது. பின்வருவோர் இழந்த அழகை ஊகிக்கவும் இயலாது என்பதே அப்பாட்டின் துயர். இன்று காடழிவு பற்றிப் புள்ளிவிவரங்கள் நமக்கு நிறையக் கிடைக்கின்றன. ஒரு மரத்தின் அழிவு ஒரு புகழ்ச்சிக் குரல் அடங்கிப்போவது என்று எண்ணிய மனிதர் ஒருவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இருந்தார் என்பதையும் நாம் நினைவிற் கொள்ளலாம்.

அவருடைய பார்வையின் கூர்மை கவிதைக்கு மட்டும் உரியதாயிருக்கவில்லை. 1883ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் சுந்தா நீரிணையில் கிறக்கற்றோவா எரிமலை வெடித்தது. அதனால் எழுந்த கடற்கொந்தளிப்பு நமது இலங்கைக் கரையையும் வந்து தொட்டது. அதன் தூசியினால் ஐரோப்பிய வானத்தில் மாதக்கணக்காக விசித்திரமான அந்திச் செக்கர் தோன்றிற்று. ஹொப்கின்ஸ் அச்செக்கரின் நிறமாற்றங்களை நுணுகி ஆராய்ந்து ‘நேச்சர்’ என்ற விஞ்ஞான சஞ்சிகைக்கு எழுதினார்; 1884 ஜனவரியில் அது வெளியாயிற்று. பாட்டு வெளிவராத கவிஞரின் அந்திவானம் விஞ்ஞான ஏட்டில் வெளிவந்தது.

அவ்வாண்டிலேயே அவர் டப்ளின் நகரில் கிரேக்கப் பேராசிரியராக அனுப்பப்பட்டார். நூற்றுக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்தும் சுமை, பிறந்த நாட்டைப் பிரிந்த தனிமை, உடல்நலக் குறைவு எல்லாம் சேர்ந்து அவரை வாட்டின. 1885ஆம் ஆண்டளவில் அவர் பாடிய சில சொனற்றுகளில் வல்லூறும் இல்லை, இளவேனிலும் இல்லை. இருளில் விழித்திருக்கும் ஓர் ஆன்மா, விடையளிக்காத இறைவனை நோக்கிக் கூப்பிடும் குரலே அவற்றிலுண்டு. ஆயினும் அக்குரல் இறைவனை நோக்கியே நிற்கின்றது; முகம் திருப்பவில்லை. புகழ்ச்சியையும் புலம்பலையும் ஒரே நாவாற் பாடிய அடியார்கள் நம் மரபிலும் பலர். அவர்களை அறிந்தோர்க்கு இக்குரல் அந்நியமாயிராது.

1889 யூன் 8ஆம் திகதி, நெருப்புக் காய்ச்சலினால், நாற்பத்து நான்காம் வயதில், ஹொப்கின்ஸ் டப்ளினில் இறந்தார். அவருடைய பாட்டுக்கள் பிறிட்ஜஸின் பாதுகாப்பில் இருந்தன. குறை சொன்ன அதே நண்பர் அவற்றைப் பேணினார். 1913இல் பிறிட்ஜஸ் அரசவைக் கவிஞரானார். 1918ஆம் ஆண்டிலே, ஆசிரியர் இறந்து இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்தபின், முதற்பதிப்பை வெளியிட்டார். அச்சிட்டவை 750 பிரதிகள். இரண்டாம் பதிப்புக்கு 1930 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதன் பின்னரே ஆங்கிலக் கவிதையுலகம் அந்தச் சந்தத்தைக் கேட்டு விழித்துக்கொண்டது.

நேயர்களே, ஆங்கிலம் அறிந்தவர்கள் அவருடைய பாட்டொன்றை எடுத்துக் கொள்ளும்போது ஒரு சிறு முறையைக் கையாளலாம். முதன்முறை பொருளைத் தேடாமல், அழுத்தங்களை மட்டும் கவனித்து, உரக்கப் படியுங்கள். இரண்டாம் முறை வேறொருவரைப் படிக்கச்சொல்லிக் கண்களை மூடிக் கேளுங்கள். மூன்றாம் முறையே அகராதியைத் தொடுங்கள். பெரும்பாலும் அகராதியில் தேடவேண்டியவை பாதியாகக் குறைந்திருக்கும். ஆங்கிலம் அறியாதவர்கள் இம்முறையை நம் சொந்தப் பாட்டுக்களிற் கையாண்டு பார்க்கலாம். தேவாரமும் திருப்புகழும் தேம்பாவணியும் சீறாப்புராணமும் பலர் வீட்டு அலுமாரிகளில் மௌனமாக இருக்கின்றன. அவை பார்ப்பதற்கென்று எழுதப்பட்டவையல்ல.

வானொலியிற் பேசுகின்றவன் தன்னைக் கேட்பவர் முகத்தைக் காண்பதில்லை. யாரோ ஓரிடத்திற் செவிசாய்க்கின்றார் என்ற நம்பிக்கையே அவன் பேச்சுக்குத் துணை. ஹொப்கின்ஸ் அந்த நம்பிக்கையில் மிக நீண்ட காலம் பாடினார். தோழர்கள் சிலர் கேட்டனர்; இறைவன் கேட்பான் என்று அவர் உறுதியாயிருந்தார். மற்றையோர் கேட்பதற்கு ஒரு தலைமுறைக் காலம் சென்றது. அவர் குறியிட்டு வைத்த அழுத்தங்கள் தாளிலே இன்னும் காத்திருக்கின்றன. அவற்றுக்கு வேண்டுவது ஒரு குரலும் ஒரு செவியுமே.